லட்சுமி சலோனுக்கு வந்த கதை

"லட்சுமி சலோனுக்கு வாறாளாம்!"

கலாவதி தையல் மெசினை விட்டு எழும்பிக் கத்தின கத்தலில், முன்கடையில் சிம் மாற்றிக்கொண்டு நின்ற ஒருவர் சிம்மைத் தவறவிட்டு நிலத்தில் தவண்டு தேடத் தொடங்கினார். பாரிசில், ரூ லூயி-பிளாங் என்ற தெருவில் ஒரு ரெலிபோன் கடையின் பின்னறைதான் அவளுடைய தையல் இடம். ஒரு மெசின், ஒரு ஆளுயரக் கண்ணாடி, கொழுவியில் தொங்குகிற இருபது பேருடைய சாரி பிளவுஸ்.

பக்கத்து மரக்கறிக் கடை யேசுரட்ணம் முருங்கைக்காய்க் கட்டும் கையுமாகத் தலையை நீட்டினார்.

"ஆர் தங்கச்சி லட்சுமி? உமக்கு மச்சாளோ?"

"மச்சாள் இல்லை அண்ணை, மாடு! எங்கடை மாடு! பாரிசுக்கு வருது!"

"மாட்டுக்கு என்னத்துக்குச் சலூன்? தலைமயிர் வெட்டவோ?"

யாழ்ப்பாணத்து ஆளுக்குச் சலூன் என்றால் முடிவெட்டுகிற கடை. எத்தனை வருசம் பாரிசில் இருந்தாலும் காது முதலில் அங்கேதான் போகும். போர்ட் து வெர்சாயில் வருசா வருசம் நடக்கிற பெரிய விவசாயக் கண்காட்சியைத்தான் பிரெஞ்சுக்காரர் 'சலோன்' என்பார்கள் என்று அவருக்கு விளங்கப்படுத்தினது சுபாங்கி. ரெலிபோன் கடை அவளுடையதுதான். இங்கேயே பிறந்து வளர்ந்தவள், முப்பது வயது. தமிழில் தொடங்கிப் பிரெஞ்சில் முடிப்பாள்.

"அன்ரி, அது பெரிய கொன்கூர்! போட்டி! நாடு முழுக்க இருந்து மாடு வரும். ரீவியிலயும் காட்டுவினம்!"

"ரீவியிலயோ!" கலாவதி நெஞ்சில் கை வைத்தாள். "அந்த மனிசன் ரீவியிலயோ? ஐயோ, நல்ல ஒரு சேட் கூட இல்லையே அவரிட்டை!"

அந்த மனிசன் என்பது அவளுடைய புருசன் ஞானசுந்தரம். இரண்டாயிரத்து ஒன்பதில் பிரான்சுக்கு வந்து, இதே தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினவர். வேலைக் கொந்திரா, அதாவது ஒப்பந்தம், காட்டினால்தான் விசா என்று நின்றபோது, தெற்கே ஓபிராக் மலைமேட்டில் மாடு பார்க்க ஆள் தேடுகிறார்கள் என்று யாரோ சொல்ல, பையைத் தூக்கிக்கொண்டு ரயில் ஏறினார். ஏழு மணித்தியால ஓட்டம். போன முதல் குளிர்காலம் மைனஸ் பதினெட்டு. விசாக் காயிதம் கிடைத்த அடுத்த நாளே ஓடி வந்துவிடுவார் என்று இங்கே எல்லாரும் எதிர்பார்த்தார்கள். மனிசன் வரவில்லை. மாடுகள் அவரைப் பிடித்துக்கொண்டன.

கலாவதி இரண்டாயிரத்துப் பதின்மூன்றில் வந்து சேர்ந்தாள். குளிருக்குப் பயம், மாட்டுக்கு அதைவிடப் பயம். யாழ்ப்பாணம் டவுனில், பஸ் நிலையத்துக்குப் பின்னால் வளர்ந்தவள். மாட்டை வேலிக்கு வெளியே நின்றுகூடத் தொட்டதில்லை. "நீங்கள் அங்கை இருங்கோ, நான் இஞ்சை தைக்கிறன்" என்று சொல்லிவிட்டாள். ஆனால் கதை விடவில்லை. காலை ஆறரைக்கு ஒரு மணித்தியாலம், பின்னேரம் ஆறரைக்கு ஒரு மணித்தியாலம், அவள் மெசினுக்குப் பக்கத்தில் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு கதைப்பாள். அவர் சட்டைப்பையில் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, வைக்கோல் போடுவார், சாணம் அள்ளுவார், "ம்" கொட்டுவார். ஞானசுந்தரத்தின் வாயிலிருந்து 'ம்' தவிர வேறு சொல் வந்தால் அது விசேசம்.

ஒருநாள் மட்டும் அவராகவே சொன்னார்: "உம்மடை கதை கேட்டுத்தான் இஞ்சை எல்லாம் அசைபோடுதுகள்." பகிடி பண்ணுகிறார் என்று அவள் அன்றைக்கு ஒரு நேரம் கோபித்துக்கொண்டிருந்தாள்.

இனி, அந்தச் சொல்லுக்கு வருவோம். அவருடைய கொந்திராவை அவள் முதன்முதல் எடுத்துப் பார்த்தபோது அதில் 'வாஷ் அலெத்தோந்' என்று எழுதியிருந்தது. வாஷ் என்றால் மாடு, அது தெரியும். அலெத்தோந்? எழுத்துக் கூட்டி வாசித்தாள். நடுவிலே ஒரு 'லெ' கிடந்தது. பால் பெட்டியிலே எழுதியிருக்கிற அதே லெ. அவ்வளவுதான், மனிசிக்கு விளங்கிப்போய்விட்டது. புருசன் பால் பண்ணையில் வேலை! தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் தொடங்கி லெ பிளாங்-மெனில் வரைக்கும், அளவெடுக்க வந்த ஒவ்வொரு பெண்ணுக்கும் கழுத்தளவு எடுக்க முதலே அந்தச் செய்தி போய்ச் சேர்ந்தது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அவர் கொண்டுவருகிற பாலாடைக்கட்டியை வெட்டி வெட்டிக் கொடுத்தாள்.

பிரான்சில் கன்றுக்குப் பேர் வைப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. வருசத்துக்கு ஒரு எழுத்து. அந்த வருசம் பிறந்ததெல்லாம் அந்த எழுத்தில்தான் தொடங்கவேண்டும். பதினான்கில் J, பதினைந்தில் L, நடுவிலே K-ஐ விட்டுவிடுவார்கள். நாகு கன்று, அதாவது பெண் கன்று, விழுந்தவுடனே ஞானசுந்தரம் கேட்பார்: "பேர் சொல்லும்." கலாவதி சொல்லுவாள். அப்படித்தான் ஓபிராக் மலைமேட்டில் ஜெயந்தியும், லட்சுமியும், லோகேஸ்வரியும், மீனாட்சியும், நந்தினியும் புல் மேயத் தொடங்கினார்கள். பண்ணைக்காரக் கிழவர் அந்துவானுக்கு லோகேஸ்வரி மட்டும் கடைசி வரைக்கும் வாயில் வரவில்லை, "லோக்கே" என்று நிறுத்திவிடுவாராம்.

இந்த வருசம் சலோனுக்கு லட்சுமி தெரிவானதில் கலாவதி துள்ளியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அந்துவானுக்கு இடுப்பெலும்பு மாற்றியாயிற்று, அவருடைய மனைவி ரோசாலிக்கும் வயதாகிறது, பிள்ளைகள் இல்லை. ஏப்ரலோடு பண்ணையை விடுகிறார்கள். நாற்பத்திரண்டு மாட்டையும் ஞானசுந்தரத்தின் கையில் விட அவர்களுக்கு ஆசைதான். ஆனால் குளிர்காலத்தில் அது தனி ஆள் பார்க்கிற வேலை இல்லை. "கலா வந்தால் பட்டி உன்னுடையது. வராவிட்டால் வியாபாரியிடம் சொல்லுகிறோம்" என்று ரோசாலி சொல்லிவிட்டாள். போட்டி முடிகிற அன்று பதில் வேண்டும். அடுத்த நாள் வியாபாரி வருகிறான்.

கலாவதி வேண்டாம் என்றுதான் ஆறு மாதம் இழுத்தாள். பிறகு ஒருநாள் மூளையில் பொறி தட்டியது. நாற்பத்திரண்டு மாடு, எவ்வளவு பால்! தயிர், நெய், மோர்! சலோனில் வைத்தே ரோசாலிக்கு 'ஓம்' சொல்லிவிடுவது என்று முடிவெடுத்து, யேசுரட்ணத்திடம் போய், குளிர்ப்பெட்டியில் ஒரு தட்டைக் காலியாக்கி வைக்கச் சொன்னாள்.

"ஓபிராக் மாட்டுத் தயிர் அண்ணை. லா சப்பல் சனம் வரிசையிலை நிக்கும்!"

"தங்கச்சி, ஓபிராக் எண்டால் அது..." என்று தொடங்கிய யேசுரட்ணம், அவளுடைய முகத்தில் இருந்த வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு, முட்டைக்கோவா அடுக்கப் போய்விட்டார்.

*

செவ்வாய்க்கிழமை. பெப்ரவரி மாதமா அது! வெயில் எறித்தது. தடித்த யக்கற்றைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டு, சனம் வாயைப் பிளந்து வானத்தைப் பார்த்தபடி நடந்தது. கலாவதி ரூ பஜோல் பிள்ளையாரிடம் ஓடிப்போய்க் கும்பிட்டுவிட்டு, லட்சுமியின் பாலில் ஒரு செம்பு பின்னேரம் அபிசேகத்துக்குக் கொண்டுவருவேன் என்று நேர்ந்துகொண்டு, வெள்ளிச் செம்பைக் கைப்பைக்குள் வைத்தாள். மாம்பழ நிறப் பட்டுச் சாரி. தானே தைத்த பிளவுஸ், கைவிளிம்பில் சரிகை.

சுபாங்கி கடையை ஒருநாள் பூட்டினாள். யேசுரட்ணமும் கூட வந்தார். மார்க்ஸ் தோர்முவாவில் மெத்ரோ ஏறினால் பன்னிரண்டாம் இலக்கம் நேரே போர்ட் து வெர்சாயில் கொண்டுபோய் விடும். வழி முழுக்க கலாவதி கதைத்தாள். எதிரே இருந்த பிரெஞ்சுக் கிழவிக்குக்கூடப் போனில் லட்சுமியின் படத்தைக் காட்டினாள்.

"மா வாஷ்," என்றாள். என்னுடைய மாடு.

"அழகான கண்," என்றாள் கிழவி.

உண்மைதான். ஓபிராக் மாட்டுக்குக் கோதுமை நிற உடம்பு, மேலே வளைந்த கொம்பு, கண்ணைச் சுற்றி மை தீட்டின மாதிரி ஒரு கறுப்பு வளையம்.

மண்டபத்துக்குள் காலை வைத்ததும் சாண மணமும் வைக்கோல் மணமும் சனத்தின் இரைச்சலும் முகத்தில் அடித்தன. எருமை அளவு காளைகள்! குளிக்கிற மாடு, காற்றடித்துத் தலைமயிர் உலர்த்துகிற மாடு, வாலைச் சீவிப் பந்து போலப் பூப்பிக்கிற மாடு!

"பாத்தியளே, நான் சொன்னது சரி. சலூன்தான்," என்றார் யேசுரட்ணம்.

ஞானசுந்தரம் வெள்ளைச் சேட் போட்டு நின்றார். கறுத்து, மெலிந்து, கன்னம் குளிரில் வெடித்து, ஆனால் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. ரோசாலி ஓடி வந்து கலாவதியைக் கட்டிப்பிடித்து நாலு முறை கன்னத்தில் கொஞ்சினாள். அந்துவான் ஊன்றுதடியோடு வைக்கோல் பொதியில் இருந்தபடி தொப்பியைத் தூக்கினார்.

"இதுதான் லட்சுமி," என்றார் ஞானசுந்தரம்.

அம்மாடி! படத்தில் பார்த்தது ஒன்று, பக்கத்தில் நிற்பது ஒன்று. எழுநூறு கிலோ. கலாவதி சுபாங்கியின் பின்னால் ஒளித்துக்கொண்டாள். லட்சுமி மூச்சு வாங்கினாள். மைனஸ் பதினெட்டிலே முதுகில் பனி உறைய நின்று கன்று போடுகிற சாதி. இந்தச் சூடு அவளுக்குப் பிடிக்கவில்லை. காலடியில் ஆறு கிழமைக் கன்று, நாகு, சுருண்டு படுத்திருந்தது.

"தனியத்தான் போட்டவள். விடிய நாலு மணிக்கு. நான் போய்ப் பாக்க, கண்டுக்குட்டி எழும்பி நிக்குது," என்றார் ஞானசுந்தரம். அவர் இவ்வளவு கதைத்து கலாவதி கேட்டதில்லை. "அந்துவான் அப்படித்தான் பட்டியைக் கட்டினவர். கையைப் போட்டு இழுத்து எடுக்கவேண்டிய மாட்டின்ரை வழியிலை கண்டு வைக்கிறேல்லை. தனியப் போடவேணும், கெட்ட புல்லிலையும் கண்டை வளக்கவேணும், மே மாசம் மலைக்கு நடந்து ஏறவேணும். இவள் மூண்டும் செய்வாள். இவளின்ரை தாயும் செய்தவள்."

"இந்தக் கண்டுக்கு இன்னும் பேர் வைக்கேல்லையே?"

"உம்மைத்தான் பாத்துக்கொண்டிருக்கிறம். இந்த வருசம் P. நம்பர் மட்டும்தான் பதிஞ்சது."

கலாவதிக்குச் சந்தோசத்தில் கண் கலங்கியது. கைப்பையைத் திறந்து செம்பை எடுத்து ரோசாலியிடம் நீட்டினாள். தன்னுடைய தையற்கடைப் பிரெஞ்சில், பாலுக்கு லெ, கோயிலுக்குத் தாம்ப்ள், கையால் கறக்கிற சைகை, எல்லாம் சேர்த்துச் சொன்னாள்.

ரோசாலிக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"இல்லை மகளே! இவள் பால் மாடு இல்லை. அலெத்தோந்! பால் முழுக்கக் கன்றுக்கு. நாங்கள் கறக்கிறதே இல்லை. கறக்கப் போனால் உதைத்துப் பல்லை எடுத்துவிடுவாள்!"

சுபாங்கி மொழிபெயர்த்தாள். மொழிபெயர்த்துக்கொண்டு போகப் போக அவளுடைய குரல் குறைந்துகொண்டு போனது.

"கறக்கிறேல்லையோ? அப்ப நாற்பத்திரண்டு மாட்டை என்னத்துக்கு வளக்கினம்?" என்று கேட்டாள் கலாவதி.

யேசுரட்ணம் தன் சப்பாத்தைப் பார்த்தார். கலாவதி திரும்பினாள். கொட்டிலுக்கு மேலே ஒரு பெரிய படம் தொங்கியது. லட்சுமி மாதிரியே ஒரு மாடு, பக்கவாட்டில். அதன் உடம்பு முழுக்கக் கோடு. பிளவுஸ் துணியில் சோக்கட்டியால் வெட்டுக்கோடு போட்டது மாதிரி, தோளுக்கு ஒன்று, விலாவுக்கு ஒன்று, தொடைக்கு இரண்டு, ஒவ்வொன்றிலும் ஒரு இலக்கம். முப்பது வருசமாகத் துணி வெட்டுகிறவளுக்கு வெட்டுக்கோட்டை யாரும் வாசித்துக் காட்டத் தேவையில்லை. அதற்குப் பக்கத்துக் கடையில் இருந்து புகை வந்துகொண்டிருந்தது. கொழுப்பு கருகுகிற மணம். செவ்வாய்க்கிழமை விரதத்தோடு நின்றவள் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"இறைச்சிக்கோ?" என்றாள்.

"ம்," என்றார் ஞானசுந்தரம்.

"இன்னொருக்கா 'ம்' எண்டால் இந்தச் செம்பாலை மண்டையிலை போடுவன்! வாயைத் திறந்து சொல்லுங்கோ!"

"நாகுகள் நிக்கும் கலா. பட்டிக்கு. நாம்பன் கண்டுகள் ஒன்பது மாசத்திலை போகும். இத்தாலிக்கு. லொறி வரும்."

நாம்பன்! அப்போதுதான் அவளுக்கு அடித்தது. இந்த ஐந்து வருசத்தில் ஒரு ஆண் கன்றுக்குக்கூட இவர் பேர் கேட்டதில்லை. ஒவ்வொரு ஒக்டோபரிலும் ஒரு நாள் போன் வராது. கேட்டால் மலையில் சிக்னல் இல்லை என்பார்.

"ஒக்டோபரிலை சிக்னல் போறது, லொறி வாற நாளே?"

அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை? அஞ்சு வருசம்! அளவெடுக்க வாற சனத்துக்கெல்லாம் பால் பண்ணை, பால் பண்ணை எண்டு பொய் சொல்ல விட்டிட்டுப் பாத்துக்கொண்டு இருந்திருக்கிறியள்!"

"நான் ஒரு நாளும் பால் எண்டு சொல்லேல்லையே கலா. நீர்தான் சொன்னனீர். நீர் சந்தோசமாச் சொல்லிக்கொண்டு திரிஞ்சனீர். எனக்கு வாய் வரேல்லை."

"அந்தப் பாலாடைக்கட்டி?"

"அது... பக்கத்து ஊர்ச் சங்கக் கடையிலை வாங்கினது."

"அண்ணை, உங்களுக்கும் தெரியுமோ?" என்று யேசுரட்ணத்தின் பக்கம் திரும்பினாள்.

"நான் இறைச்சி தின்னுற ஆள் தங்கச்சி. ஓபிராக் எண்டால் எங்களுக்குத் தெரியாமல் இருக்குமே? உம்மடை முகத்தைப் பாத்திட்டுச் சொல்ல மனம் வரேல்லை," என்றார் அவர்.

ஒலிபெருக்கி கத்தியது. ஓபிராக் இனம், முதல் கன்று போட்ட மாடுகள், வளையத்துக்கு! ஞானசுந்தரம் கயிற்றைக் கையில் எடுத்தார். கலாவதியைப் பார்த்தார்.

"ரோசாலி இண்டைக்குப் பதில் கேக்கிறா," என்றார் மெல்ல.

"போங்கோ! போய் உங்கடை மாட்டை நடத்துங்கோ! என்னட்டைப் பதில் கேக்க வந்திட்டார்!"

*

வளையத்தைச் சுற்றி ஆயிரம் பேர் இருப்பார்கள். மணல் பரப்பின தரை, மேலே பளிச்சென்று வெளிச்சம், நாலு பக்கமும் ரீவிக் கமரா. கலாவதி போகிறேன் என்றுதான் எழும்பினாள். ஆனால் வாசல் பக்கம் சனம் நெருக்கினபடியால், சுபாங்கி இழுத்து இழுத்து இரண்டாவது வரிசையில் இருத்திவிட்டாள். செம்பு மடியில் கிடந்தது. முகம் உலை மாதிரிக் கொதித்தது.

எட்டு மாடுகள். ஏழு ஒழுங்காக நடந்தன. நடுவர் ஆலீஸ் என்ற பெண், பூட்ஸ் போட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒவ்வொன்றையும் சுற்றி வந்தாள். இடுப்பு அகலம், நடை, கன்றின் வளர்த்தி. எட்டாவதாக வந்த லட்சுமி வளையத்துக்குள் இரண்டு அடி வைத்தாள். ஒலிபெருக்கி அவளுடைய பேரைப் பிழையாகக் கத்தியது. நின்றுவிட்டாள்.

ஞானசுந்தரம் கயிற்றை இழுத்தார். அசையவில்லை. நாக்கு வெளியே தொங்க, வயிறு ஏறி இறங்க, நாலு காலையும் மணலில் ஊன்றிக்கொண்டு நின்றாள். கன்று தாயின் பின்னால் பதுங்கியது. மனிசன் ஒரு சொல் சொல்லவேண்டுமே! சொல்ல வராது. கழுத்தைத் தடவினார், தட்டினார். வேறு ஒருவர் பின்னாலிருந்து தள்ள வந்தபோது லட்சுமி தலையைச் சிலுப்பிக் கொம்பைக் காட்டினாள். சனம் "ஓ" என்றது.

"அன்ரி, அசையாட்டி வெளியாலை எடுத்திடுவினம்," என்று சுபாங்கி நகத்தைக் கடித்தாள். எதிரே அந்துவான் தடியை ஊன்றி எழும்பி நின்றார், முகம் வெளுத்துப்போய்.

கலாவதிக்குத் தாங்கவில்லை. மாட்டைப் பார்த்தா, மனிசனைப் பார்த்தா என்று அவளுக்கே தெரியாது. எழும்பிச் செம்பை ஓங்கினாள்.

"இஞ்சேருங்கோ! வாய் என்ன தைச்சுப்போட்டே கிடக்கு? அந்தச் சீவனுக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கோவன்! பயத்திலை நிக்குது பாவம்! கேக்குதே? அஞ்சு வருசமா ம், ம், ம்! என்னட்டையும் 'ம்', மாட்டிட்டையும் 'ம்'! நல்ல மனிசன் எனக்கு வந்து வாச்சார்!"

லட்சுமியின் காது திரும்பியது.

முதலில் இடது காது, பிறகு வலது. பிறகு தலை. தூக்கிப் பார்த்தாள். கூட்டத்துக்குள் எங்கே என்று தேடுகிற மாதிரி. காலை ஆறரை, பின்னேரம் ஆறரை, பிறந்த நாள் தொட்டு கொட்டிலுக்குள் சட்டைப்பையிலிருந்து கேட்ட சத்தம் அது. அந்தச் சத்தம் கேட்டால் வைக்கோல் வரும். அந்தச் சத்தம் கேட்டால் எல்லாம் சரி.

லட்சுமி நடந்தாள். கயிறு தளர, ஞானசுந்தரம் பின்னால் இழுபட, மணலைக் குறுக்கே வெட்டி, நேரே கலாவதி இருந்த பக்கம் வந்து, வேலிக் கம்பியில் மூக்கை வைத்து மூசினாள்.

கலாவதி உறைந்து நின்றாள். கை செம்போடு அந்தரத்தில்.

"அன்ரி, கதையுங்கோ! கதைச்சுக்கொண்டே நடவுங்கோ!" சுபாங்கி அவளைத் தள்ளினாள்.

"என்னத்தையடி கதைக்க?"

"வழமையாக் கதைக்கிறதை!"

கலாவதி சாரியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சனத்தின் காலையெல்லாம் மிதித்தபடி, வேலியோரமாக நடக்கத் தொடங்கினாள். "வா ராசாத்தி... வா. இஞ்சை பார், நேத்து ஒருத்தி வந்தாள், பிளவுஸ் இறுக்கமாம். இறுக்கம் பிளவுசிலையோ, அவள் தின்னுற கொத்துரொட்டியிலையோ எண்டு நான் கேக்கேல்லை, வாயை அடக்கிக்கொண்டன்... வாடி, வா... கை வெட்டு முக்கால் இஞ்சு குறைக்கச் சொல்லி ஒருத்தி..." லட்சுமி வேலிக்கு அந்தப் பக்கம் அவளோடு அடிக்கு அடி நடந்தாள். அகன்ற இடுப்பு ஆட, கன்று பக்கத்தில் துள்ள, கறுத்த கண்ணைக் கலாவதியை விட்டு எடுக்காமல். ஒரு வட்டம் முழுதாய். சனம் கைதட்டியது. தமிழ் விளங்காத ஆயிரம் பேர் பிளவுஸ் கதைக்குக் கைதட்டினார்கள்! யேசுரட்ணம் வாயில் விரலை வைத்து விசிலடித்தார்.

ஆலீஸ் மைக்கில் சிரித்துக்கொண்டே ஏதோ சொன்னாள். சுபாங்கி ஓடி வந்து மூச்சிரைக்கச் சொன்னாள்: "நடை மிச்சம் நல்லமாம். பயிற்சி குடுக்கிறது ஆர் எண்டு கேக்கிறா!"

இரண்டாம் இடம். ஒரு தகடும் ஒரு நாடாவும். அந்துவான் தொப்பியைக் கழற்றி முகத்தை மறைத்துக்கொண்டு அழுதார்.

*

கொட்டிலுக்குத் திரும்பி வந்ததும் கலாவதி குழாயடிக்குப் போய்ச் செம்பில் தண்ணீர் பிடித்தாள். வந்து, லட்சுமியின் நெற்றியில் ஊற்றினாள். லட்சுமி கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். இன்னொரு செம்பு பிடித்துக் கழுத்தில் ஊற்றினாள். ஆறேழு செம்பு ஊற்றிய பிறகுதான் தான் மாட்டைத் தொட்டுக்கொண்டு நிற்பதே அவளுக்குத் தெரிந்தது.

"நான் வராட்டி நாளைக்கு வாறவன் எல்லாத்தையும் கொண்டுபோவானோ?"

"எல்லாத்தையும்."

"இவளையுமோ?"

"இவளையும். மீனாட்சியையும். எல்லாரையும்," என்றார் ஞானசுந்தரம். பிறகு, அவருக்கு வாய் திறந்துகொண்டது. "நான் பொய்க்காரன்தான் கலா. ஆனால் நாம்பன்கள் போற நாள் எனக்குச் சோறு இறங்காது. அண்டைக்கு உம்மடை குரலைக் கேட்டால் நான் அழுதிடுவன் எண்டுதான் போனை நிப்பாட்டிறனான்."

அவள் அவரைப் பார்த்தாள். வெடித்த கன்னம், சாணம் பட்ட வெள்ளைச் சேட். இந்த மனிசனை இப்படி முழு வசனத்தில் கேட்க அவள் இத்தனை வருசம் காத்திருக்க வேண்டியிருந்தது. கோபம் இன்னும் இருந்தது. ஆனால் அழுகை அதை முந்திக்கொண்டு வந்துவிட்டது. சாரித் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள்.

"நான் வாறன்," என்றாள். "மெசினோடைதான் வருவன், சொல்லிப்போட்டன். இனிமேல் ஒக்டோபரிலை போன் நிப்பாட்டுற வேலை இல்லை, நானும் லொறிக்குப் பக்கத்திலை நிப்பன். நாம்பனுக்கும் பேர் வைக்கவேணும். போறது போகட்டும், பேரில்லாமல் போகக்கூடாது."

"ஊர்ச் சனத்துக்கு என்ன சொல்லப் போறீர் தங்கச்சி?" என்றார் யேசுரட்ணம்.

"இறைச்சி மாடு எண்டு நானே சொல்லுறன். எனக்கு விளங்கினது பிழை எண்டும் சொல்லுறன். பிள்ளையாருக்குக் கடைப் பால் வாங்கிக் குடுப்பம், அவர் கோவிக்க மாட்டார். உங்கடை குளிர்ப்பெட்டித் தட்டிலை கோவாவை அடுக்குங்கோ அண்ணை."

சுபாங்கி சொல்லி முடிக்க முதலே ரோசாலி கலாவதியைத் தூக்காத குறையாகக் கட்டிப்பிடித்தாள். அந்துவான் வியாபாரிக்குப் போன் எடுத்து, வரவேண்டாம் என்று மண்டபமே அதிரக் கத்தினார். பிறகு ரோசாலி பையிலிருந்து கன்றின் பதிவுக் காயிதத்தையும் பேனையையும் எடுத்துக்கொண்டு கன்றுக்குப் பக்கத்தில் குந்தினாள். பேருக்கான கட்டம் காலியாக இருந்தது. P என்ற எழுத்தை மட்டும் எழுதிவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

பார்வதியா, பவானியா, பத்மாவா என்று சுபாங்கி அடுக்கினாள். கலாவதி கன்றைப் பார்த்தாள். தலைக்கு மேலே தொங்கிய கோடு போட்ட படத்தைப் பார்த்தாள். கடைசியாகப் புருசனைப் பார்த்தாள்.

"பொய்," என்றாள்.

ஞானசுந்தரத்துக்குப் புரையேறியது.

"அதுதான் பேர். P, O, I. எழுதச் சொல்லு பிள்ளை."

"பொய்!" ரோசாலி வாய்க்குள் உருட்டிப் பார்த்தாள். லோகேஸ்வரிக்குப் பிறகு இது தேன் மாதிரி இருந்தது. "பொய்... எவ்வளவு வடிவான பேர்! என்ன அர்த்தம்?"

ஞானசுந்தரம் வாயைத் திறந்தார். கலாவதி முந்திக்கொண்டாள்.

"லெ," என்றாள் சிரிக்காமல். "தமிழிலை, பால் எண்டு அர்த்தம்."

ரோசாலி சரிதானா என்று கேட்கிற மாதிரி ஞானசுந்தரத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"ம்," என்றார் அவர்.